இருபத்திரண்டு சிவப்பு வரிகள்

பூமாரியைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், என்னிடம் ஒரே பதில்தான். அவள் மேசைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு இருந்தது. அந்தத் தடுப்பின் மேல்பாதி கண்ணாடி. அடுத்தவர் மேசையை எட்டிப் பார்ப்பது என் பிறவிக் குணம். எங்கள் ஊர் மண்ணூரில் எந்த வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டால் சொல்லிவிடுவேன். என் மனைவி ரத்னா இதை யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை.

நான் டில்லிபாபு. லேபில் ஸ்டோர்ஸ் எனக்கு. எங்கள் லேப் இருங்காட்டுக்கோட்டையில், கார் சீட்டுக்கு நுரை ஊற்றும் ஒரு கம்பெனிக்கும் ஒரு லேத் பட்டறைக்கும் நடுவே இருந்தது. பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு லாரி டிரைவர்கள் வெறும் வயிற்றோடு வந்து, சுகர் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று நிற்பார்கள். இது அந்த லேப் இல்லை என்று அவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதும் ஸ்டோர்ஸ் வேலையில் சேர்த்தி என்று எங்கள் நிர்வாகம் நினைத்திருந்தது.

உள்ளே நடந்தது வேறு. விதைக் கம்பெனிகள் நெல் நாற்றுகளின் இலைத் துண்டுகளை அனுப்பும். ஆஸ்பத்திரிகள் ரத்தம் அனுப்பும். அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, தொண்ணூற்றாறு சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் குழிக்கு ஒரு சொட்டாக விட்டு, மெஷினுக்குள் வைப்பார்கள். தட்டில் எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு குழி. மெஷின் ஒவ்வொரு குழியையும் படித்து, பக்கம் பக்கமாக எழுத்துகளைக் கக்கும். ஆனால் அந்தக் குழியில் இருந்தது யார் என்று அதற்குத் தெரியாது. அது இன்னொரு தாளில் இருக்கும். எத்தனையாவது சாம்பிள், ஆணா பெண்ணா, வயது, ஊர், என்ன குறை, அப்பா அம்மா சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்களா, எல்லாம். அந்த விவரங்களை ஒரு மென்பொருளில் ஏற்றி, மெஷின் தந்ததோடு வரிக்கு வரி சேர்த்துக் கட்டுவதுதான் பூமாரியின் வேலை.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த மென்பொருளுக்கு இருக்கும் கௌரவம் கல்யாண வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட இருக்காது. தலைப்பில் ஒரு இடைவெளி கூடினால் வாங்காது. 007 என்று இருக்க வேண்டிய இடத்தில் எக்செல் தன் இஷ்டத்துக்கு முன்னால் இருக்கும் பூஜ்யங்களைத் தின்றுவிட்டு 7 என்று வைத்திருந்தால், அப்படி ஒரு ஆளே கிடையாது என்று திருப்பி அனுப்பிவிடும். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவன், வாங்காவிட்டால் கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவான். அப்புறம் டீ குடிக்கப் போவான். அவன் போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

பூமாரி சேர்ந்த முதல் வாரமே நாற்பது வரிகளை அது திருப்பியடித்தது. அவள் எதையும் அணைக்கவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அந்த நாற்பது வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, மூஞ்சி இப்டி கீது? போவலன்னா வுட்டுட்டு அடுத்தத போடு" என்றேன்.

"இல்லண்ணே. மத்ததெல்லாம் போவுது. இந்த நாப்பது மட்டும் ஏன் போவ மாட்டேங்குன்னு பாக்கேன். இதுக்குள்ள ஏதோ சொந்தம் இருக்கு."

இந்த 'ஏன்' அவளோடு கூடப் பிறந்தது. விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டுப் பெண். பன்னிரண்டாவது முடித்ததும், 2010இல், ஸ்ரீபெரும்புதூரில் அப்போது நடந்துகொண்டிருந்த ஒரு செல்போன் கம்பெனிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் அவளையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நான்கு வருடம், செய்து முடித்த போன்களைச் சோதித்துப் பார்க்கும் இடத்தில் நின்றாள். சரியில்லாத போனைச் சிவப்புக் கூடையில் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. இவள் அதைப் போடுவதற்கு முன் ஏன் சரியில்லை என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாளாம். சூப்பர்வைசர் அவளுக்கு 'ஏன் மாரி' என்று பேர் வைத்தார். 2014 கடைசியில் கம்பெனி மூடியபோதும் ஏன் என்று கேட்டிருக்கிறாள். அதற்கு மட்டும் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

அந்த வருடம் மண்ணூரில் பாதி ரூம் காலியானது. பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பெட்டியோடு பஸ் ஏறினார்கள். பூமாரி போகவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கம்ப்யூட்டர் வகுப்பு போயிருந்ததால், எங்கள் லேபில் இடம் கிடைத்தது. தன்னோடு ஒரே ரூமில் இருந்த கனகலட்சுமியையும் மேனேஜரிடம் சொல்லி உள்ளே கொண்டுவந்தாள்.

கனகலட்சுமி சங்கரன்கோவில் பக்கம். அதே செல்போன் கம்பெனியில் வேறு லைன். பேச்சு குறைவு, கை வேகம். அவள் சொட்டு விடும் பிப்பெட்டைப் பிடித்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம்; ஒரு சொட்டு சிந்தாது. எங்கள் லேபில் தட்டு நிரப்பிக்கொண்டிருந்த பிரவீனா பிரசவ லீவில் போனதும், ஜனவரியிலிருந்து தட்டு கனகத்தின் கைக்கு வந்தது.

அவளுக்கு இந்த வேலை எவ்வளவு தேவை என்பது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவர்கள் இருந்தது என் சித்தப்பா கட்டிவிட்ட ரூமில். வீட்டில் அவளுக்குத் தாய்மாமனைப் பேசி வைத்திருந்தார்கள். செல்போன் கம்பெனி மூடியதுமே ஊருக்கு வா, முகூர்த்தம் பார்த்துவிடலாம் என்று அம்மா போன் மேல் போன். இந்த வேலை கிடைத்ததைக் காட்டித்தான் தள்ளிப்போட்டிருந்தாள். இந்த வேலையும் போனால் மறுபேச்சு இல்லாமல் வந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். ஒருநாள் ரத்னா அவளிடம், ஏன், மாமன் ஆள் சரியில்லையா என்று வாயைக் கிளறினாள்.

"நல்லவுகதான் அக்கா. என்னைய தூக்கி வளத்தவுக. எனக்கு மாமாவாவே இருந்துட்டுப் போவட்டுமே" என்றாள்.

இதைச் சொல்லிவிட்டு அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ரத்னா அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் ஒரு பேச்சை எடுக்காமல் விட்டதே அந்த ஒரு முறைதான்.

இனி அந்த மார்ச் மாதத்துக்கு வருகிறேன். 2015.

ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து தொண்ணூற்றாறு குழந்தைகளின் ரத்தம் வந்திருந்தது. பாதிப் பேர் பிறவியிலேயே காது கேளாதவர்கள். மீதிப் பாதி அவர்களுடைய அண்ணன் தம்பி அக்கா தங்கைகள், காது கேட்பவர்கள். எந்த இடத்தில் வித்தியாசம் என்று கண்டுபிடிக்கத்தான் இவ்வளவும். அதற்கு முன் கனகம் நிரப்பிய நான்கு தட்டும் நெல். மனுஷ ரத்தம் அவளுக்கு இதுதான் முதல் தட்டு.

திங்கட்கிழமை காலை பூமாரி மெஷின் தந்ததை ஏற்றினாள். பிறகு ஆஸ்பத்திரித் தாளை ஏற்றினாள். பூஜ்யம் எதுவும் காணாமல் போகவில்லை, இடைவெளி எதுவும் கூடவில்லை, மாப்பிள்ளை முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அப்புறம்தான் அது சரிபார்க்கும். டி.என்.ஏ.வைப் பார்த்தாலே ஆணா பெண்ணா என்று மென்பொருளுக்குத் தெரிந்துவிடும். தாளில் எழுதியிருப்பதோடு அது ஒத்துப்போகாவிட்டால் அந்த வரியைச் சிவப்பாக்கும். எப்போதாவது ஒரு வரி சிவக்கும், யாராவது அவசரத்தில் தப்பாக டிக் அடித்திருப்பார்கள்.

அன்றைக்கு இருபத்திரண்டு வரிகள் சிவந்தன.

அவள் முதலில் சந்தேகப்பட்டது தன்னைத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அசல் படிவங்களை நான் ஒவ்வொன்றாக வாசிக்க, அவள் திரையில் பார்த்தாள். இரண்டு தடவை. தட்டச்சில் ஒரு பிழை இல்லை. ஆறு வயதுப் பெண் குழந்தை என்று படிவத்தில் இருக்கிறது, போட்டோகூட ஒட்டியிருக்கிறது, இரட்டை ஜடை. மென்பொருள் அவளைப் பையன் என்கிறது.

மேனேஜர் சண்முகசுந்தரம் வந்து பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் எந்தச் சிக்கலையும் மாலைக்குள் மூடிவிட வேண்டும் என்ற அவசரம் உண்டு. வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்காரர்கள் வருவதாக இருந்தது.

"ஆணா பெண்ணாங்கற கட்டத்தை மட்டும் 'தெரியாது'ன்னு மாத்திட்டு மறுபடி ஏத்திப் பாரும்மா. செக் பண்ணாது, சிவப்பு போயிடும். அவங்களுக்கு வேண்டியது காது விஷயம்தானே" என்றார்.

பூமாரி எழுந்து நின்றுகொண்டாள். மரியாதைக்கா பயத்துக்கா தெரியவில்லை.

"சார், ஆம்பள பொம்பளைய மறைச்சிரலாம். ஆனா ஒரு பையனோட சொட்டு பொம்பளப் பிள்ளை பேர்ல இருந்துச்சுன்னா, காது கேக்காத பிள்ளையோட சொட்டு காது கேக்குத பிள்ளை பேர்லயும் இருக்குமே சார். அது சிவப்புல காட்டாதே?"

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. உட்கார்ந்து தலையைச் சொறிந்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார். தட்டில்தான் குளறுபடி என்றால் மொத்தத் தட்டையும் தூக்கிப் போட வேண்டும். மிச்ச ரத்தம் இல்லை, தொண்ணூற்றாறு குழந்தைகளுக்கும் மறுபடி ஊசி குத்த வேண்டும். ஆஸ்பத்திரிக்காரர்கள் கேள்வி கேட்பார்கள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. காரணம் தெரியலன்னா, தட்டு போட்ட பொண்ணை நிறுத்தறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

மதியம் கேன்டீனில் கனகம் சாப்பிடவில்லை. தட்டில் இருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கி ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் பாத்துத்தான்ட்டி எடுத்தேன். ஒரு டியூபைக்கூட மாத்தி எடுக்கல. மாரியம்மன் சத்தியமா" என்றாள்.

"நீ மாத்திருக்க மாட்டன்னு எனக்குத் தெரியும். மாத்திருக்குன்னும் தெரியுது. அதான் மண்டைய குடையுது" என்றாள் பூமாரி.

செவ்வாய் போனது. புதன் பிற்பகல் அவள் தடுப்பைத் தட்டி, என்னிடம் சிவப்பு ஸ்கெட்ச் பேனா கேட்டாள். ஸ்டோர்ஸில் இருந்து ஒரு பேனா எடுக்க இண்டென்ட் போட வேண்டும். போடாமல் கொடுத்தேன், ஏனென்றால் என்ன செய்யப் போகிறாள் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

பழைய டெலிவரி சலான் ஒன்றின் பின்பக்கத்தில் எட்டு வரிசையும் பன்னிரண்டு கட்டமும் போட்டாள். அச்சாகத் தட்டு மாதிரியே. திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக நீளமாக இருந்த வரிகளை, அந்தந்தக் குழியில் கொண்டுபோய் வைத்து, சிவந்த குழிகளுக்கு மட்டும் சிவப்பு அடித்தாள். நான் தடுப்பைச் சுற்றி வந்து அவள் பின்னாலேயே நின்றுவிட்டேன்.

முதல் வரிசையில் ஒரு சிவப்புகூட இல்லை. இரண்டாவதில் ஆறு. மூன்றாவது சுத்தம். நான்காவதில் நான்கு. ஐந்தாவது சுத்தம். ஆறாவதில் எட்டு. ஏழாவது சுத்தம். எட்டாவதில் நான்கு.

"ஒண்ணு வுட்டு ஒண்ணு கீது!" என்றேன். என் குரல் எனக்கே கூடுதலாகக் கேட்டது.

அவள் சலானை எடுத்து நெடுக்குவாட்டில் சரிபாதியாக மடித்தாள், இடது ஆறு கட்டத்தின் மேல் வலது ஆறு கட்டம் வருகிற மாதிரி. மடித்ததை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். சிவப்பு மேல் சிவப்பு வந்து உட்கார்ந்தது. ஒன்றுகூட விலகவில்லை. 

"பாத்தியளா அண்ணே. ரெண்டாவது வரிசையில மொத குழி, தாள்ல பொம்பளப் பிள்ளை, உள்ள பையன். அதே வரிசையில கடைசிக் குழி, தாள்ல பையன், உள்ள பொம்பளப் பிள்ளை. ரெண்டு ரெண்டா இடம் மாறிருக்கு. இந்த நாலு வரிசையும் தல மாடு கால் மாடா திரும்பிக் கெடக்கு."

"அப்போ அந்தப் பொண்ணு தூக்கத்துல போட்டுதா?"

"தூக்கத்துல மாத்துனா இவ்வளவு ஒழுங்கா மாத்த முடியுமாண்ணே? இது தெரியாம நடந்த தப்பு இல்ல. ஒரு பழக்கம். என்ன பழக்கம்னுதான் பாக்கணும். ஆனா அவகிட்ட கேக்கக் கூடாது. கேட்டா யோசிச்சு யோசிச்சுப் போடுவா, வேற மாதிரி ஆயிரும்."

அவள் திட்டம் சொன்னாள். எனக்குக் குஷி தாங்கவில்லை. இருபது வருடமாகச் சும்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு முதல் முறையாக எட்டிப் பார்ப்பதே வேலையாகக் கிடைத்தது.

வியாழன் காலை ரத்னாவின் கேசரிப் பவுடரைக் கொஞ்சம் பொட்டலம் கட்டிக்கொண்டு போனேன். தண்ணீரில் கரைத்தேன். கனகத்தைக் கூப்பிட்டு, "புது தட்டு வந்து கீதும்மா. குழி ஓட்டையா இன்னான்னு பாக்கணும், கலர் தண்ணி வுட்டுக் குடு" என்றேன். தொண்ணூற்றாறு டியூப்களுக்குப் பதில் ஒரே பீக்கர். பூமாரி பக்கத்து மேசையில் ஏதோ எழுதுவது போல் குனிந்திருந்தாள்.

கனகம் பிப்பெட்டை எடுத்தாள். முதல் வரிசை, இடமிருந்து வலம், பன்னிரண்டு குழி. கை பன்னிரண்டாவதில் நின்றது. அடுத்த வரிசைக்கு நான் இடது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கை அங்கே வரவேயில்லை. நின்ற இடத்திலேயே ஒரு படி கீழே இறங்கி, வலமிருந்து இடமாகத் திரும்பி வந்தது. மாடு கட்டி உழுதால் சால் திரும்பி வருமே, அப்படி. மூன்றாவது வரிசை மறுபடி இடமிருந்து வலம். மேலே பார்க்காமல், யோசிக்காமல், கடகடவென்று.

பூமாரி எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஏட்டி, ஏன் அங்ஙன இருந்து திரும்புத?"

கனகத்துக்குக் கேள்வியே புரியவில்லை. "பின்ன? கைய வெறுமன இந்த ஓரத்துக்குக் கொண்டாரணுமா? பழைய கம்பெனில கீபேடு தட்டு அடுக்கும்போது வெறுங்கையோட திரும்பினா லைன் லீடர் என்ன ஏச்சு ஏசுவா தெரியும்லா? ஒரு தட்டுக்கு ஒம்பது செகண்டு மிச்சம்னு நோட்டீஸே ஒட்டிருந்தாவல்ல."

"பிரவீனாக்கா எப்படிச் சொல்லிக்குடுத்தா?"

"ஒரு வரிசை விட்டுக் காட்டுனா. இதே மாதிரி எல்லாத்தையும் போட்டுருன்னா."

அவ்வளவுதான். பிரவீனா ஒரு வரிசையோடு நிறுத்தினாள். மென்பொருள், எல்லா வரிசையும் இடமிருந்துதான் தொடங்கும் என்று நினைத்தது. கனகத்தின் கை நான்கு வருடம் பழகிய வழியில் போனது. மூன்று பேரும் அவரவர் அளவில் சரி.

பூமாரி தாளில் அந்த நான்கு வரிசைகளை மட்டும் திருப்பிப் போட்டு மறுபடி ஏற்றினாள். ஒரு வரிகூடச் சிவக்கவில்லை. அதோடு அவள் விடவில்லை. தாளில் அண்ணன் தங்கை என்று இருந்தவர்கள் உடம்பிலும் அண்ணன் தங்கையாகவே வருகிறார்களா என்று பார்த்தாள். வந்தார்கள், நாற்பத்தெட்டு குடும்பமும். இரட்டை ஜடைக்காரி பெண் குழந்தையானாள். யாருக்கும் மறுபடி ஊசி வேண்டாம். மேனேஜர் இரண்டு கையாலும் தலையைத் தடவிக்கொண்டு, "அப்பாடா" என்றார். நான் என் சொந்தச் செலவில் போண்டா வாங்கி வந்தேன், அப்படி ஒரு சந்தோஷம்.

கேன்டீனில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். கனகம் நான்கு நாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். "சார் என்னைய நிறுத்த மாட்டாருல்லா?" என்று இரண்டு தடவை கேட்டாள். மாட்டார் என்றாள் பூமாரி. கனகம் போண்டாவைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

"அப்போ நெல்லு?"

பூமாரி டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். நிமிரவில்லை. அவளுக்கு அது முன்னமே தோன்றியிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஜனவரியிலிருந்து நான்கு தட்டு நெல். அதே கை, அதே வழி. முந்நூற்று எண்பத்து நாலில் பாதி தலைகீழ். ரிப்போர்ட்டும் போய்விட்டது.

"நெல்லுக்கு ஆம்பள பொம்பள கெடையாதுட்டி. அது சிவப்புல வராது" என்றாள் பூமாரி.

"அதான் கேக்கேன். தப்பாத்தான போயிருக்கு?"

"யாருக்கும் தெரியாது. இனிமே நீ இடப்பக்கம் இருந்தே போடு. இத விடு."

பூமாரி வாயிலிருந்தா இது வந்தது என்று பார்த்தேன். நாற்பது வரி போகவில்லை என்றால் நாள் முழுவதும் முறைத்துப் பார்க்கிறவள், இருநூறு வரியை விடு என்கிறாள். ஆனால் நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. "ஆமாம்மா, நமக்கு இன்னாத்துக்கு? வூட்ல சும்மா கீற பாம்ப எடுத்து மேல வுட்டுக்கினு" என்று நானும் சேர்ந்துதான் சொன்னேன். பழைய விஷயம் வெளியே வந்தால் விதைக் கம்பெனி சும்மா விடாது. யார் தலையாவது உருள வேண்டும். யார் தலை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

கனகம் கையிலிருந்த போண்டாவைத் தட்டில் வைத்தாள்.

"அது தண்ணி நின்னாலும் அழுகாத நெல்லு எதுன்னு பாக்கதுக்குத்தான அனுப்புனாவ? அழுகுத நெல்ல அழுகாதுன்னு எழுதி விப்பாவ. எங்கய்யா மாதிரி எவனாவது நம்பி வெதச்சுட்டு, தண்ணிக்குள்ள நின்னு பாத்துக்கிட்டு இருப்பான்."

"சொன்னா நீ ஊருக்குப் போவணும்ட்டி. தெரியும்லா?" பூமாரிக்குக் குரல் உடைந்துவிட்டது. "ஒங்க அம்மைக்கு நீ என்ன சொல்லிருக்க? போனா மாமாதான்."

"தெரியும்."

"நான் சொல்ல மாட்டேன், பாத்துக்க. என் வாயால சொல்ல மாட்டேன்."

"நீ ஏன் சொல்லணும்? போட்டது நான்லா" என்று எழுந்தாள் கனகம். கையைக் கழுவி, பாவாடை தாவணிக் காலத்துப் பழக்கம் போல துப்பட்டா நுனியில் துடைத்துக்கொண்டு, நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். நாங்கள் இரண்டு பேரும் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்திருந்தோம். ஐந்து நிமிடம்தான் இருக்கும். கதவைத் திறந்துகொண்டு வந்தவள் அழவில்லை. "சார் ஒண்ணுஞ் சொல்லல. தண்ணி குடிச்சாரு" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து திருப்தியாகப் போனார்கள். அதே மதியம் சண்முகசுந்தரம் விதைக் கம்பெனிக்குப் போன் செய்தார். கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்த்தேன். அவர் காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தார், அந்தப் பக்கம் அவ்வளவு சத்தம். கடைசியில் அவர்கள் கேட்டது இரண்டு. நான்கு தட்டையும் சரிசெய்து அனுப்ப வேண்டும். தட்டு போட்டவர் இனி தட்டு போடக் கூடாது. கனகம் மாதிரிக் காண்டிராக்ட் ஆளுக்கு எங்கள் லேபில் வேறு நாற்காலி இல்லை. நல்லபடியாக வேலை செய்தார் என்று ஒரு கடிதம் மட்டும் தன் கையால் எழுதிக் கொடுத்தார் மேனேஜர். அதை வைத்து வேறு கம்பெனி தேடலாமே என்று ரத்னா அவளிடம் மன்றாடினாள். அம்மாவிடம் கொடுத்த வாக்கை எப்படி அக்கா மாற்றுவது என்று கேட்டாள் கனகம். எனக்கு அந்த வாக்கின் மேல் வந்த கோபம் இன்றைக்கும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளை பஸ் ஏற்றிவிட்டோம். ஒரு பெட்டி, ஒரு பக்கெட், அந்தக் கடிதம்.

திங்கட்கிழமை பூமாரி நெல் தட்டுகளை எடுத்தாள்.  ஒவ்வொரு தட்டிலும் இரண்டாவது, நான்காவது, ஆறாவது, எட்டாவது வரிசைகளைத் திருப்பிப் போட்டு, பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினாள். கடைசித் தட்டு ஏறி முடிந்ததும் திரையில் பச்சை எழுத்தில் வந்தது: முந்நூற்று எண்பத்து நான்கு வரிகள், பிழை எதுவும் இல்லை. அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன தடவையும் இதேதான் வந்துச்சுண்ணே. இதே எழுத்து, இதே பச்சை" என்றாள். பிறகு, "இந்த சாப்ட்வேரு எதையும் கேக்கல. நானும் கேட்டுருக்க மாட்டேன்" என்றாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் பார்க்கக் கூடாது என்று முதல் முறையாகத் தோன்றி, என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். ஆனால் காதை மூடிக்கொள்ளவில்லை, பொய் சொல்லக் கூடாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கனகத்துக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள், எனக்காகவா தெரியவில்லை. அந்தப் பக்கம் ஒரே ஆள் சத்தம், சிரிப்பு. ஜவுளி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்களாம்.

"நெல்லு ஏத்திட்டேன்ட்டி."

"சிவப்பு வந்துச்சா?"

"வரல."

"போன தடவையும் வரலல்லா?"

"வரல."

"பின்ன இப்ப சரியா இருக்குன்னு எதை வச்சுச் சொல்லுத?"

பூமாரி அந்தப் பச்சை வரியை மறுபடி பார்த்தாள். 

"நீ சொன்னத வச்சுத்தான்" என்றாள். "வேற ஒண்ணும் கெடையாது."

அந்தப் பக்கம் யாரோ, மாமா கூப்பிடுகிறார், நிறம் பிடித்திருக்கிறதா என்று வந்து பார் என்று சத்தம் போட்டார்கள். இதோ வாரேன் என்றாள் கனகம். பிறகு எங்களிடம், "வச்சிருதேன்" என்றாள்.